லேண்ட்லார்டுக்கும் ஒரு லேண்ட்லார்ட்: பிரிட்டன் பப்களை யார் வாங்குகிறார்கள், அவை ஏன் மூடுகின்றன

பிரிட்டன் செய்திகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வந்திருக்கும். ஒரு பக்கம் பப்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்கிறார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் 60,000க்கு மேல் இருந்தவை இப்போது 45,000 அளவில் நிற்கின்றன. 2025இல் மட்டும் 378 பப்கள் மூடும் என்று அந்தத் தொழிலின் சங்கமான பிரிட்டிஷ் பீர் அண்ட் பப் அசோசியேஷன் கணித்தது, அதாவது நாளுக்கு ஒன்றுக்கும் மேல். இன்னொரு பக்கம் பார்த்தால், 2019இல் ஹாங்காங்கைச் சேர்ந்த லீ கா-ஷிங் குடும்பத்தின் சிகே அசெட் நிறுவனம் கிரீன் கிங் என்ற பப் நிறுவனத்தை, அதன் கடனையும் சேர்த்து, 4.6 பில்லியன் பவுண்டுக்கு வாங்குகிறது. அடுத்த ஆண்டே ஸ்டோன்கேட் என்ற நிறுவனம் ஈஐ குழுமத்தைக் கடனோடு சேர்த்து ஏறத்தாழ 3 பில்லியன் பவுண்டுக்கு வாங்குகிறது. சாகிற தொழிலுக்கு யார் இவ்வளவு பணம் கொடுப்பார்கள்?

பப்பை ஒரே பொருளாகப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. பீர் ஊற்றி விற்கும் வியாபாரம் தனி, அந்த வியாபாரம் நடக்கும் கட்டடமும் மனையும் தனி. பல பப்களில் இந்த இரண்டும் வேறு வேறு ஆட்களின் கையில் இருக்கின்றன. முதலாவது நொடித்துப் போகும்போதுகூட இரண்டாவதின் விலை ஏறிக்கொண்டே போகலாம். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் ஓரளவு தானாகப் புரியும்.

## முதலில் சில சொற்கள்

பப் என்றதும் நம் ஊரில் நட்சத்திர ஓட்டலில் டிஜே ஓடும் இடமோ, டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரோ மனதில் வரும். பிரிட்டனின் பப் இரண்டுக்கும் உறவில்லாதது. அது தெருமுனையில் இருக்கிற கட்டடம், பலகையில் ஒரு படம், உள்ளே கணப்பு, மதியம் சாப்பாடு, மாலையில் வினாடி வினா, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து உட்காரும் கூட்டம். 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப்.

பப் நடத்துபவரை ஊர்க்காரர்கள் 'லேண்ட்லார்ட்', அதாவது கட்டடத்துக்குச் சொந்தக்காரர், என்பார்கள். வேடிக்கை என்னவென்றால் ஆயிரக்கணக்கான பப்களில் அந்த லேண்ட்லார்டுக்குச் சொந்தமாக ஒரு செங்கல்கூடக் கிடையாது, அவரே மாதா மாதம் இன்னொரு லேண்ட்லார்டுக்கு வாடகை கட்டும் குத்தகைக்காரர்தான். பிரிட்டன் பத்திரிகை படிக்கும்போது இந்தச் சொல் பலரையும் ஏமாற்றிவிடும்.

உடைமையைப் பொறுத்துப் பப்கள் மூன்று வகை:

1. ஃப்ரீ ஹவுஸ். நடத்துபவரே உரிமையாளர், அல்லது யாருக்கும் கட்டுப்படாத தனிக் குத்தகை. எந்த ஆலையின் பீரையும் வாங்கி விற்கலாம். இங்கே 'ஃப்ரீ' என்றால் இலவசம் என்று பொருளில்லை, கட்டில்லாதது என்று பொருள்.

2. மேனேஜ்டு ஹவுஸ். கட்டடமும் வியாபாரமும் நிறுவனத்துடையவை, மேலாளர் சம்பளக்காரர். டிம் மார்ட்டின் 1979இல் தொடங்கிய வெதர்ஸ்பூன் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

3. டைடு ஹவுஸ், கட்டுப்பட்ட பப். கட்டடம் நிறுவனத்துடையது, வியாபாரத்தின் லாப நட்டம் குத்தகைக்காரருடையது, ஆனால் பீரை அந்த நிறுவனம் சொல்லும் இடத்தில், அது சொல்லும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். இந்தக் கட்டுக்குத்தான் 'டை' என்று பெயர்.

சண்டை எல்லாம் மூன்றாவதில்தான்.

## கட்டு எப்படி வேலை செய்கிறது

குத்தகைக்காரர் நிறுவனத்துக்கு இரண்டு வழிகளில் பணம் கட்டுகிறார். ஒன்று நேரடி வாடகை, தொழிலில் இருப்பவர்கள் இதை 'உலர் வாடகை' என்பார்கள். மற்றது 'ஈர வாடகை', பீரின் விலைக்குள் ஒளிந்திருப்பது. சந்தையில் கிடைப்பதைவிடக் கூடுதல் விலைக்கு அவர் பீரை வாங்குகிறார் அல்லவா, அந்தக் கூடுதல்தான் ஈர வாடகை.

கணக்குக்காக ஒரு தொகையை வைத்துப் பார்ப்போம். 11 காலன் கெக், அதாவது பீர் பீப்பாய், ஒன்றில் 88 பைன்ட் இருக்கும் (பைன்ட் என்பது அரை லிட்டருக்குச் சற்று மேல், பப்பில் ஒரு பெரிய கிளாஸ் அளவு). வெளியில் மொத்த வியாபாரியிடம் கிடைக்கும் விலையைவிடக் கட்டுப்பட்ட விலை கெக்குக்கு 60 பவுண்டு கூடுதல் என்று வைத்துக்கொண்டால் பைன்டுக்கு 68 பென்ஸ் போகிறது. வாரத்துக்கு 6 கெக் ஓடும் சாதாரணப் பப்பில் ஆண்டுக்கு 18,720 பவுண்டு. வாடகைச் சீட்டில் எங்கேயும் எழுதப்படாத வாடகை இது.

நிறுவனங்கள் இதற்குச் சொல்லும் நியாயமும் உண்டு, அதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. கட்டுக்கு ஈடாக உலர் வாடகையைக் குறைத்து வாங்குகிறோம், தொடங்க அதிக முதல் வேண்டாம், சிறிய தொகையோடு ஒருவர் பப்புக்குள் நுழையலாம், விற்பனை படுத்தால் ஈர வாடகையும் தானாகப் படுத்துவிடும், நட்டத்தில் எங்களுக்கும் பங்கு என்பார்கள். தத்துவம் சரிதான். உலர் வாடகையை உண்மையிலேயே போதிய அளவு குறைத்தார்களா என்பதுதான் 30 ஆண்டுகளாகத் தீராத வழக்கு.

குத்தகைக்காரர் இரகசியமாக வெளியில் ஒரு கெக் வாங்கிப் போட்டால்? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. பல கட்டுப்பட்ட பப்களின் நிலவறையில், பீர்க் குழாயில் எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று அளக்கும் மீட்டர் பொருத்தியிருக்கிறார்கள். நிறுவனம் அனுப்பிய பீரைவிட மீட்டரில் ஓடியது அதிகம் என்றால் விசாரணை, அபராதம். குழாய் கழுவிய தண்ணீரையும் பீர் என்று எழுதிவிடுகிறது என்று குத்தகைக்காரர்கள் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

உலர் வாடகை எப்படிப் போடப்படுகிறது என்பதும் தெரிய வேண்டும். சராசரித் திறமையுள்ள ஒருவர் இந்தப் பப்பில் ஆண்டுக்கு எவ்வளவு வியாபாரம் செய்வார் என்று முதலில் மதிப்பிடுவார்கள். அதிலிருந்து செலவுகளைக் கழித்து மீதியை வாடகையாகவும் நடத்துபவரின் வருமானமாகவும் பிரிப்பார்கள், பாதிக்குப் பாதி என்பது பேச்சு தொடங்கும் இடம். எதிர்பார்த்த வியாபாரத்தைக் கொஞ்சம் தாராளமாகவும் செலவைக் கொஞ்சம் கஞ்சத்தனமாகவும் எழுதிவிட்டால் போதும், காகிதத்தில் லாபம் வந்துவிடும், அந்த லாபத்தில் பாதி வாடகையாகிவிடும். நீண்டகாலக் குத்தகைகளில் கூரை ஒழுகினால் பழுது பார்ப்பதும் குத்தகைக்காரர் தலையில்தான் விழுகிறது.

## 1989: நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்

இந்தக் கட்டு புதிதல்ல. 1830இல் இரண்டு கினி (அந்தக் காலத்துப் பணம்) கட்டினால் யாரும் பீர்க்கடை வைக்கலாம் என்று சட்டம் வந்தது, கடைகள் காளானாய் முளைத்தன. 1869இல் உரிமத்தை மறுபடி நீதிபதிகள் கையில் கொடுத்தார்கள், புதிய உரிமம் கிடைப்பது கடினமானது. பீர் ஆலைகளுக்கு அப்போது ஒரு விஷயம் உறைத்தது: உரிமம் அரிது என்றால் உரிமமுள்ள கட்டடத்தை வாங்கிவிட வேண்டும். பங்குச் சந்தையில் பணம் திரட்டி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பப்களை வாங்கிக் குவித்தன.

அப்படியே 100 ஆண்டு ஓடியது. 1989 மார்ச்சில் ஏகபோகங்களை ஆராயும் ஆணையம் அறிக்கை கொடுத்தபோது பாஸ், அலைடு, விட்பிரெட், கிராண்ட் மெட்ரோபாலிட்டன், கரேஜ், ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில் என்ற ஆறு நிறுவனங்கள் நாட்டின் பீர் உற்பத்தியில் முக்கால் பங்கைக் கையில் வைத்திருந்தன, பப்களில் பெரும்பகுதியும் ஆலைகளிடமே இருந்தது. எந்த ஆலையும் 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது ஆணையம். ஆலைகள் குய்யோ முறையோ என்று கூச்சலிட, அரசு அதைத் தண்ணீர் ஊற்றித் தளர்த்தியது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த ஆணைகளின்படி, 2,000க்கு மேல் இருக்கும் பப்களில் பாதியை 1992 நவம்பருக்குள் கட்டிலிருந்து விடுவித்தால் போதும், கூடவே வேறு ஆலையின் பீர் ஒன்றை 'விருந்தாளி பீர்' என்று விற்கக் குத்தகைக்காரருக்கு உரிமை.

இவற்றைத்தான் 'பீர் ஆர்டர்ஸ்' என்கிறார்கள். ஓட்டை எங்கே என்றால், வரம்பு பீர் தயாரிப்பவர்களுக்கு மட்டும்தான். பீரே தயாரிக்காத நிறுவனம் எத்தனை ஆயிரம் பப் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், குத்தகைக்காரரைக் கட்டியும் வைக்கலாம்.

அப்புறம் நடந்ததை ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். ஆலைகள் பப்களை விற்றன, வாங்குவதற்கென்றே நிறுவனங்கள் முளைத்தன. என்டர்பிரைஸ் இன்ஸ் 1991இல், பஞ்ச் டேவர்ன்ஸ் 1997இல். ஒரு கட்டத்தில் நொமுரா என்ற ஜப்பானிய முதலீட்டு வங்கி பிரிட்டனின் மிகப்பெரிய பப் உரிமையாளராக இருந்தது. பழைய ஆலைகளில் சில பீரைவிட்டே போய்விட்டன. பாஸும் விட்பிரெட்டும் 2000இல் ஆலைகளை பெல்ஜியத்தின் இன்டர்புரூவுக்கு விற்றன. இன்று விட்பிரெட் பிரீமியர் இன் என்ற ஓட்டல் சங்கிலியை நடத்துகிறது, பாஸ் வழி வந்தது இன்டர்கான்டினென்டல் ஓட்டல் குழுமம். ஆலையின் பிடியை உடைக்கப் போட்ட சட்டம் அந்தப் பிடியைப் பத்திரமாக நிலச் சொத்து நிறுவனத்தின் கைக்கு மாற்றிவிட்டது என்பதே என் வாசிப்பு. வேலை முடிந்தது என்று 2003க்குள் அந்த ஆணைகளையே ரத்து செய்துவிட்டார்கள்.

## நாளைய வாடகையை இன்றே விற்பது

புதிதாக வந்த இந்த 'பப்கோ'க்கள், அதாவது பப் கம்பெனிகள், சொந்தப் பணத்தில் வாங்கவில்லை. பப் வாடகை என்பது மாதம் தவறாமல் வரும் பணம், அதற்குப் பின்னால் கட்டடம் வேறு ஈடாக நிற்கிறது. அடுத்த 20, 30 ஆண்டுகளில் வரப்போகும் வாடகையையும் ஈர வாடகையையும் கடன் பத்திரமாக்கி முதலீட்டாளர்களிடம் விற்றார்கள். கிடைத்த பணத்தில் இன்னும் பப்கள், அவற்றின் வாடகையில் இன்னும் பத்திரங்கள். 2000களின் நடுவில் என்டர்பிரைஸும் பஞ்சும் ஆளுக்கு 9,000 பப் அளவில் வைத்திருந்தன.

இதனால் குத்தகைக்காரருக்கு என்ன? நிறைய. ஊர் ஆலையிடம் குத்தகை எடுத்தவர், இந்த ஆண்டு மழை, கூட்டமில்லை, வாடகையைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்று முதலாளியிடம் போய்க் கேட்கலாம். பத்திரம் வாங்கிய முதலீட்டாளருக்கு மழையும் தெரியாது, ஊரும் தெரியாது. வட்டித் தேதியில் வட்டி வர வேண்டும். வாடகையைக் குறைத்தால் பப்பின் மதிப்பு குறையும், மதிப்பு குறைந்தால் கடன் ஒப்பந்தம் மீறப்படும். அதனால் குறைக்க மனமிருந்தாலும் நிறுவனத்தால் முடியாது.

2007, 2008இல் எல்லாம் சேர்ந்து வந்தன. இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் பப்புக்குள் புகைக்கத் தடை. ஸ்காட்லாந்தில் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு உலக நிதி நெருக்கடி. பணவீக்கத்துக்கு மேல் 2 சதவீதம் சேர்த்துப் பீர் வரியை ஆண்டுதோறும் ஏற்றும் திட்டமும் அதே 2008இல் தொடங்கி 2013 வரை ஓடியது. பப்கோக்களின் பங்கு விலை சரிந்தது. கடனை அடைக்க அவை பப்களை விற்கத் தொடங்கின. பல கட்டடங்களைப் 'பப்'பாகவே வாங்க யாரும் விரும்பவில்லை, வீடாகவோ கடையாகவோ வாங்க மட்டும் ஆள் இருந்தது.

## இன்று யார் கையில்

பஞ்ச் 2017இல் இரண்டாகப் பிளந்தது. ஏறத்தாழ 1,900 பப்கள் ஹைனகென் என்ற பீர் நிறுவனத்துக்கு, மீதி பேட்ரன் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு. அந்த மீதி 2021இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான ஃபோர்ட்ரெஸ் கைக்குப் போனது. என்டர்பிரைஸ் ஈஐ குழுமம் என்று பெயர் மாற்றி, 2020இல் ஸ்டோன்கேட்டுக்குள் கரைந்தது. ஸ்டோன்கேட்டின் உரிமையாளர் டிடிஆர் கேப்பிட்டல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம்.

இதே டிடிஆர் கேப்பிட்டல்தான் 2021இல் இஸ்ஸா சகோதரர்களோடு சேர்ந்து அஸ்டா சூப்பர் மார்க்கெட்டை வாங்கியது, 2024இல் அதில் பெரும்பங்கும் அதன் கைக்கு வந்தது. பப்பை நசுக்குவது சூப்பர் மார்க்கெட்டின் மலிவு பீர் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் மேலே ஏறிப் பார்த்தால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்கின்றன! இதில் சதி ஒன்றும் இல்லை. முதலீட்டு நிறுவனத்துக்கு இரண்டுமே கட்டடமும் பணவரவும் உள்ள சொத்து, அவ்வளவுதான்.

எதிர்த் திசையிலும் ஓட்டம் உண்டு. லண்டன் சிசிக்கில் பீர் தயாரித்த ஃபுல்லர்ஸ் 2019இல் ஆலையை ஜப்பானின் அசாஹிக்கு 250 மில்லியன் பவுண்டுக்கு விற்றுவிட்டுப் பப்களை மட்டும் வைத்துக்கொண்டது. மார்ஸ்டன்ஸ் தன் ஆலைகளை கார்ல்ஸ்பெர்க்கோடு கூட்டாக்கி, 2024இல் அந்தப் பங்கையும் விற்று வெளியேறியது. அவர்கள் பீரை விட்டுக் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால், ஹைனகென் உலகப் பெரிய ஆலைகளில் ஒன்றாக இருந்துகொண்டே ஸ்டார் பப்ஸ் என்ற பெயரில் 2,000க்கும் மேல் பப்களை வைத்திருக்கிறது. 1989இல் எதை உடைக்கப் பார்த்தார்களோ அது வேறு கொடியோடு திரும்பி வந்திருக்கிறது.

## செலவு எங்கே இறுக்குகிறது

உடைமை ஒரு பாதி என்றால் அன்றாடச் செலவு மறு பாதி. ஃப்ரீ ஹவுஸ் நடத்துபவருக்கும் இதிலிருந்து தப்பில்லை.

1. பைன்டில் அரசின் பங்கு. 5 பவுண்டுக்கு விற்கும் 4 சதவீத பீரை எடுத்துக்கொள்வோம். 20 சதவீத வாட், அதாவது விற்பனை மீதான வரி, அந்த 5 பவுண்டுக்குள் 83 பென்ஸ். 2025 பிப்ரவரி விகிதப்படி மதுத் தீர்வை ஏறத்தாழ 43 பென்ஸ். ஆக 1.26 பவுண்டு, கால் பங்குக்கும் மேல், பீர் வாங்கிய செலவைக் கழிப்பதற்கு முன்னாலேயே போய்விடுகிறது. 2023 ஆகஸ்டிலிருந்து பீப்பாயில் வரும் பீருக்குத் தீர்வையில் சலுகை தருகிறார்கள், கடையில் வாங்கும் கேனுக்கு அது கிடையாது. இப்போது அது 13.9 சதவீதம். கேட்கப் பெரிதாக இருக்கும், பைன்டுக்குக் கணக்குப் போட்டால் 7 பென்ஸ் அளவு.

2. சம்பளம். 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச மணிக்கூலி 11.44 பவுண்டிலிருந்து 12.21 பவுண்டாக ஏறியது. தொழிலாளிக்கு அது நியாயமான உயர்வு. இறுக்கியது கூடவே வந்த நேஷனல் இன்ஷூரன்ஸ் (சம்பளத்தின் மேல் அரசுக்குக் கட்டும் சமூகப் பாதுகாப்புத் தொகை) மாற்றம்: முதலாளி கட்டும் விகிதம் 13.8இலிருந்து 15 சதவீதம், கட்டத் தொடங்கும் வருமான வரம்பு 9,100இலிருந்து 5,000 பவுண்டு. 21 வயதைத் தாண்டி வாரம் 20 மணி நேரம் வேலை செய்யும் ஒருவருக்கு, முன்பு ஆண்டுக்கு 386 பவுண்டு கட்டியவர் அந்த ஏப்ரலிலிருந்து 1,155 பவுண்டு கட்ட வேண்டியதாயிற்று. மூன்று மடங்கு. பப்பில் பெரும்பாலும் பகுதிநேர ஆட்கள்தான் என்பதால் வரம்பைக் குறைத்தது அங்கேதான் அதிகமாக வலிக்கிறது. சிறு முதலாளிகளுக்கான கழிவை 10,500 பவுண்டாக உயர்த்தியதால் நாலைந்து பேர் வேலை செய்யும் பப் ஓரளவு தப்பும். சமையலறை, உணவுக்கூடம் என்று இருபது பேர் வைத்திருக்கும் பப் தப்பாது.

3. பிசினஸ் ரேட்ஸ் என்னும் வணிகக் கட்டட வரி. கடைகளுக்கு இதைப் பரப்பளவை வைத்துப் போடுகிறார்கள். பப்புக்கோ எவ்வளவு வியாபாரம் நடக்கக்கூடும் என்ற மதிப்பீட்டை வைத்து, வாடகைக்குப் பார்த்தோமே, ஏறக்குறைய அதே முறை. கொரோனாவுக்குப் பிறகு இங்கிலாந்தில் 75 சதவீதக் கழிவு கொடுத்து வந்தார்கள், 2025 ஏப்ரலில் அதை 40 ஆக்கினார்கள். 10,000 பவுண்டு வரியுள்ள பப் 2,500 கட்டிக்கொண்டிருந்தது, திடீரென்று 6,000 கட்ட வேண்டும். 2026 ஏப்ரலில் அந்தக் கழிவும் போய்ப் புதிய மதிப்பீடு நடப்புக்கு வரும் என்றபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது: பழைய மதிப்பீடு 2021 ஏப்ரல் நிலவரத்தை வைத்துப் போட்டது, அதாவது பப்கள் கொரோனாவில் முடங்கிக் கிடந்த காலம். புதியது 2024 ஏப்ரல் நிலவரம். மதிப்பு குதிக்காமல் என்ன செய்யும்? எதிர்ப்பு வலுத்ததும் 2026 ஜனவரியில் பப்களுக்கும் நேரடி இசை அரங்குகளுக்கும் 15 சதவீதக் கழிவு அறிவித்தார்கள்.

4. மின்சாரம். நிலவறை 24 மணி நேரமும் 12 டிகிரி பக்கம் குளிர்ந்திருக்க வேண்டும், ஆள் வந்தாலும் வராவிட்டாலும். வீடுகளுக்கு இருக்கும் மின்கட்டண உச்சவரம்பு கடைகளுக்கும் பப்களுக்கும் கிடையாது. 2022இல் விலை உச்சத்தில் இருந்தபோது நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் விலை இறங்கிய பின்னும் பழைய விலையே கட்டினார்கள்.

5. வாடிக்கையாளர். பிரிட்டனில் விற்கும் பீரில் பாதிக்கு மேல் இப்போது கடைகளில் வாங்கி வீட்டில் குடிக்கப்படுகிறது. லண்டனில் ஈழத்தமிழர் பலர் நடத்தும் தெருமுனைக் கடைகளில் 'ஆஃப் லைசன்ஸ்' என்று பலகை பார்த்திருப்பீர்கள், வாங்கலாம், அங்கே குடிக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். இளைஞர்கள் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் வாடிக்கையாளர் குறைந்ததை மட்டும் காரணமாகச் சொன்னால் ஒன்று விளங்காது: ஒரே தெருவில் ஃப்ரீ ஹவுஸ் நிற்கிறது, எதிரே கட்டுப்பட்ட பப் மூன்று ஆண்டில் நான்கு பேர் கைமாறுகிறது, ஏன்?

வாடிக்கையாளரைப் புதிதாகக் கண்டுபிடித்த பப்களும் உண்டு. பர்மிங்காமை அடுத்த ஸ்மெதிக், வெஸ்ட் பிராம்விச் பகுதிகளில் 1960களில் இந்தியர்களைப் பல பப்கள் உள்ளே விடாது. 1965இல் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் ஸ்மெதிக்குக்கு வந்து பார்த்துவிட்டுப் போன அளவுக்கு அங்கே நிறவெறி பேர்பெற்றிருந்தது. உலோக வார்ப்பாலைகளில் வேலை செய்த பஞ்சாபிக் குடும்பங்கள் பிற்பாடு, நொடித்துப் போன பப்களைத் தாங்களே எடுத்து நடத்தத் தொடங்கின. பைன்டோடு மிக்ஸ்டு கிரில்லும் குழம்பும். இன்று அந்தப் பகுதியில் 'தேசி பப்' என்பது பெருமைக்குரிய பெயர்.

## கட்டடத்தின் விலை

இதுவரை சொன்ன எல்லா அழுத்தமும் சேரும் இடம் இதுதான். பப் ஆண்டுக்குச் சம்பாதிப்பதை வைத்து அதற்கு ஒரு மதிப்பு, அதே கட்டடம் ஆறு அடுக்ககங்களானால் வேறு மதிப்பு. லண்டனில் இரண்டுக்கும் இடையே பெரிய பள்ளம். வியாபாரம் மெலிய மெலியப் பள்ளம் அகலமாகும், உரிமையாளரின் கை அரிக்கும். 2013இல் நியூரிவர் என்ற சொத்து நிறுவனம் மார்ஸ்டன்ஸிடம் 202 பப்களை 90 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியபோது, பலவற்றின் இடத்தில் சிறு மளிகைக் கடைகள் கட்டுவது அதன் திட்டத்தில் இருந்தது. அப்போது அது சுலபம். 2017 மே மாதம் வரை இங்கிலாந்தில் பப்பைக் கடையாக மாற்றவோ இடிக்கவோ பொதுவாகத் திட்ட அனுமதியே வேண்டாம்.

அனுமதி மறுத்தாலும் பொறுக்காதவர்கள் உண்டு. லண்டன் கில்பர்னில் இருந்த கார்ல்டன் டேவர்ன் என்ற 1920களின் கட்டடத்தை, வீடு கட்டும் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகு, 2015 ஏப்ரலில் அதன் உரிமையாளர் நிறுவனம் அனுமதியில்லாமல் இடித்துத் தள்ளியது. வெஸ்ட்மின்ஸ்டர் மாமன்றம் விடவில்லை, செங்கலுக்குச் செங்கல் அப்படியே திரும்பக் கட்டு என்று உத்தரவிட்டது. கட்டினார்கள், 2021இல் திறந்தார்கள்.

## சட்டம் இப்போது என்ன தருகிறது

குத்தகைக்காரருக்கு: 2014 நவம்பரில், கட்டிலிருந்து விலகும் உரிமை குறித்து நாடாளுமன்றத்தில் நடந்த வாக்கெடுப்பில் ஆளும் கட்சியினரே சிலர் அரசை எதிர்த்து வாக்களிக்க, 284க்கு 269 என்று அரசு தோற்றது. அதன் பலனாக 2016 ஜூலையில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 'பப்ஸ் கோட்' என்ற விதித்தொகுப்பு வந்தது. 500 அல்லது அதற்கு மேல் கட்டுப்பட்ட பப்கள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு மட்டும் பொருந்தும், இப்போது அப்படி ஆறு. வாடகை மறுமதிப்பீடு, குத்தகைப் புதுப்பிப்பு போன்ற சில தருணங்களில் குத்தகைக்காரர் 'சந்தை வாடகை மட்டும் கட்டுகிறேன், கட்டை அவிழ்த்துவிடு' என்று கேட்கலாம். ஸ்காட்லாந்து 2021இல் தனிச் சட்டம் போட்டது.

கேட்பது சுலபம், பெறுவது இழுபறி. ஆலையே பப் உரிமையாளராக இருந்தால், கட்டை அவிழ்த்த பிறகும் என் பீரையும் வைத்திரு என்று நியாயமான அளவுக்குச் சொல்லலாம் என்று விதி இருக்கிறது. நியாயமான அளவு எது? ஸ்டார் பப்ஸ் வரம்பு மீறி ஹைனகென் பீர்களைத் திணித்தது என்று 2020இல் பப்ஸ் கோட் நடுவர் 20 லட்சம் பவுண்டு அபராதம் போட்டார். இதற்கிடையில் நிறுவனங்கள் பப்களைக் குத்தகையிலிருந்து எடுத்து நேரடி மேலாண்மைக்கும், விற்பனையில் இத்தனை சதவீதம் உனக்கு என்ற ஒப்பந்தங்களுக்கும் மாற்றி வருகின்றன. கட்டுப்பட்ட குத்தகையே இல்லாத இடத்தில் கட்டை அவிழ் என்று யார் கேட்பது?

ஊருக்கு: 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பப்பை 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று உள்ளாட்சியில் பதியலாம். உரிமையாளர் விற்க நினைத்தால் ஊர் பணம் திரட்ட ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். லண்டன் நன்ஹெட்டில் உள்ள ஐவி ஹவுஸ் இப்படிப் பதியப்பட்ட முதல் பப். 300க்கும் மேற்பட்டவர்கள் பங்கு போட்டு 2013இல் அதைத் திறந்தார்கள். கம்பிரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டில் ஓல்டு கிரவுன் பப்பை ஊர்க்காரர்கள் அதற்குப் பத்தாண்டு முன்பே, 2003இல், கூட்டுறவாக வாங்கிவிட்டார்கள்.

ஆனால் ஆறு மாதம் கழித்து உரிமையாளர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், ஊருக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லை. 2025 ஜூலையில் அரசு கொண்டுவந்த மசோதா இங்கிலாந்தில் காத்திருப்பை 12 மாதமாக்கி, வாங்கும் முதல் வாய்ப்பையும் ஊருக்கே தரச் சொன்னது. வாடகை என்ற பாரம் அப்படி வாங்கிய பப்பில் இருக்காது. வாட் அதே 20 சதவீதம், நிலவறை அதே 12 டிகிரி, செவ்வாய்க்கிழமை இரவில் கவுண்டர் முன்னால் நிற்பதும் அதே நாலு பேர்.